சட்டக் கல்லூரிக்குப் போகுமுன்: பழைய லேப்டாப்பா, ரீஃபர்பிஷ்டா, புதுசா?

என் சித்தி மகளுக்கு இந்த வருஷம் மூன்றாண்டு எல்எல்பி-யில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கட்டிய அன்று இரவே ஃபோன் செய்தாள். “அக்கா, லேப்டாப் புதுசா வாங்கிடட்டுமா? இந்தப் பழசை வெச்சுக்கிட்டு மூணு வருஷம் ஓட்ட முடியுமா?”

கையில் 45,000 ரூபாய் வைத்திருக்கிறாள். பி.காம் முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதனால் ஃபோனிலேயே சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் அந்த லேப்டாப்பை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். நான் இப்போது இறுதியாண்டு. முதல் வருஷம் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டியவள் என்பதால், அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அவளுடையது 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 15.6 அங்குலத் திரை. ஆன் செய்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தால்தான் பயன்படுத்தும் நிலைக்கு வருகிறது. பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யூடியூபில் சட்டம் படிக்க எந்த லேப்டாப் என்று தேடினால் வருபவை பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களின் காணொளிகள். அங்கே பல கல்லூரிகளில் பருவத் தேர்வையே சொந்த லேப்டாப்பில், எக்ஸாம்ப்ளிஃபை போன்ற தேர்வு மென்பொருளில்தான் எழுதுகிறார்கள். தேர்வின் நடுவே லேப்டாப் நின்றால் மதிப்பெண்ணே ஆட்டம் காணும். ஆகவே ‘சேருமுன் புதுசு வாங்கிவிடு’ என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. நமக்குத் தேர்வு விடைத்தாளில், பேனாவில். பின்னால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வுக்குப் போனாலும் பக்கம் பக்கமாகக் கையால்தான் எழுத வேண்டும். மூன்று மணி நேரம் விடாமல் எழுதும் பழக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகவே நான் வகுப்புக் குறிப்புகளை இன்றும் நோட்டில்தான் எடுக்கிறேன்.

அப்படியானால் லேப்டாப் எதற்கு? படிக்க. அப்புறம் தட்டச்சு செய்ய. இதில் படிப்பதுதான் பெரும் பங்கு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய கேசவானந்த பாரதி தீர்ப்பு சுமார் 700 பக்கம். அந்தரங்க உரிமை பற்றிய 2017 புட்டசாமி தீர்ப்பு 547 பக்கம். இதையெல்லாம் அச்செடுத்துப் படிக்கக் கட்டுப்படியாகாது. சட்டங்கள் இந்தியா கோடு தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் பிடிஎஃப்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103. மோசடிக்கு எல்லோர் வாயிலும் புழங்கிய 420 இப்போது 318-க்குள் போய்விட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். நாம் படிக்கும் முன்னோடித் தீர்ப்புகள் ஏறக்குறைய எல்லாமே பழைய பிரிவு எண்களில்தான் இருக்கின்றன. ஆக, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கும் காலம் இது. இதற்கு வேகமான பிராசஸரைவிட நல்ல திரை தேவை. சித்தி மகளின் லேப்டாப்பில் உள்ளது 1366×768 திரை. இரண்டு பிடிஎஃப்பை அருகருகே வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடுகிறது. எந்த லேப்டாப்பைப் பார்த்தாலும் 1920×1080 திரை, அதுவும் மினுமினுக்காத மேட் திரை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் ஓட்டுவது

இது வேண்டாம். ஒன்பது வருஷ ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முதல் பருவத்துக்குக்கூட அது முழுசாகத் தாங்காது.

எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி மாற்றுவது

மனசுக்குப் பிடித்த வழி இது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி போட்டதும் அதே லேப்டாப் அரை நிமிஷத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். ரேமை 8 ஜிபி ஆக்கினால் பெரிய பிடிஎஃப்பும் பத்துப் பதினைந்து பிரவுசர் டேபும் திணறாமல் ஓடும். எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் ஓடியது.

தடுமாறியது பேட்டரியில். கம்பெனி பேட்டரி கிடைக்காமல் ஒரு கடையில் மாற்று பேட்டரி வாங்கிப் போட்டேன். நாலே மாதத்தில் அது உப்பி, டச்பேடை அடியிலிருந்து மேலே தள்ள ஆரம்பித்துவிட்டது. கிளிக் சரியாக விழவில்லையே என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி என்று தெரிந்ததும் பயந்துபோனேன். லித்தியம் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கக்கூடும். உடனே நிறுத்திக் கழற்ற வேண்டும், குத்தவோ அழுத்தவோ கூடாது. பழைய மாடலுக்கு நம்பகமான பேட்டரி கிடைக்குமா என்று விசாரித்த பிறகே எஸ்எஸ்டி-க்குப் பணம் கொடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடுத்த தடை விண்டோஸ் 11. இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறையில் மிகச் சிலதான் விதிவிலக்கு, அவளுடைய ஐ3 அதில் இல்லை. “நான் போட்டுத் தரேன் மேடம்” என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். போடவும் முடியும். ஆனால் வருஷந்தோறும் வரும் பெரிய அப்டேட் தானாக வராது, அதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. நாளைக்குக் கட்சிக்காரர் ஆவணங்களை வைத்துக்கொள்ளப் போகிற லேப்டாப்பில் அந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை.

லினக்ஸ் மின்ட் போடலாமே என்றால், தாராளமாகப் போடலாம். பழைய லேப்டாப்பில் லேசாக ஓடுகிறது, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. படிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. சங்கடம் வருவது மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டியில். மூன்று பேர் சேர்ந்து ஒரே மெமோரியலை, அதாவது எழுத்து வடிவ வாதத்தை, எழுதுவோம். பக்கத்துக்குப் பத்து அடிக்குறிப்பு, பொருளடக்கம், வழக்குப் பட்டியல். மற்ற இருவரும் வேர்டில் அடித்ததை நான் லிப்ரேஆபீஸில் திறந்து சேமித்ததும் அடிக்குறிப்பு எண்களின் அளவும் பக்க அமைப்பும் நகர்ந்துவிட்டன. சமர்ப்பிக்கும் இரவு இரண்டு மணி வரை அதைச் சரிசெய்துகொண்டிருந்தோம். பயிற்சிக்குப் போகும் இடத்திலும் இதே கதைதான். நீதிமன்ற வாசலில் உள்ள டிடிபி கடைகளிலிருந்து வரும் மனுக்களில் இன்னமும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தி அடிக்க விண்டோஸ்தான் சுலபம்.

உங்கள் பழைய லேப்டாப் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக, திரையும் நன்றாக இருந்தால் இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு படிக்க ஒன்றும் இல்லை. எஸ்எஸ்டி-யும் பேட்டரியும் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். அவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப்

ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்து, கடைக்காரர்கள் சரிசெய்து விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள். சென்னையில் ரிச்சி தெருவில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. இரண்டாம் வருஷம் நானும் இதற்குத்தான் மாறினேன்.

இதை நான் விரும்புவதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. இவை நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. விசைகள் ஆழமாக அழுந்துகின்றன, கீல் உறுதியாக இருக்கிறது, பலவற்றில் ரேமையும் எஸ்எஸ்டி-யையும் நாமே மாற்றலாம். அளவு 14 அங்குலம். எடையும் முக்கியம். சென்னைச் சட்டக் கல்லூரி 2018-இல் பாரிமுனையை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. நகரத்துக்குள் இருந்து அங்கே தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு 15.6 அங்குல லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு தடித்த புத்தகங்களும் தோளில் எப்படி இழுக்கும் என்று தெரியும்.

விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையே போதும் என்றாலும் அதையே வாங்க வேண்டாம் என்றேன். அது 2017, 2018 காலத்துச் சரக்கு, அடுத்த விண்டோஸ் அதை விட்டுவிடலாம். பத்தாம் அல்லது பதினோராம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நாங்கள் விசாரித்த கடைகளில் 22,000 முதல் 30,000 வரை சொன்னார்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால் 8 ஜிபி-யை வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இப்போது லாபமில்லை.

கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. விண்டோஸ் எழுமுன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விண்டோஸை முதலிலிருந்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயர் போட்டு அதன் மெயில் ஐடியைக் கேட்டால் அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் தெரிந்துவிடும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துப் புள்ளி, நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரன்டியும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. வாரன்டி பெரும்பாலும் சில மாதங்கள்தான். கேமரா சுமார். பேட்டரி நன்றாக இருந்தாலும் புதுசு மாதிரி நாள் முழுக்கத் தாங்காது.

புத்தம் புதுசு

வாரன்டி, பேட்டரி, மன நிம்மதி. இந்த மூன்றிலும் புதுசுக்கு ஈடில்லை. பணம் இடிக்காதவர்கள் வாங்கிக்கொள்ளலாம், தவறே இல்லை. மேக்புக் ஏரின் பேட்டரியைக் கண்டு எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்தப் பழைய தமிழ் எழுத்துருச் சிக்கல் அதிலும் உண்டு.

அவள் கணக்குக்கு வந்தால், 16 ஜிபி ரேமும் நல்ல திரையும் கேட்டபோது 45,000 போதவில்லை. அந்த விலைக்குள் காட்டியவற்றில் 8 ஜிபி போர்டிலேயே பதிக்கப்பட்டிருந்தது, பின்னால் ஏற்ற முடியாது. மங்கலான திரை, நெளியும் கீபோர்டு. அதே பணத்தில் பாதிக்குச் சற்று மேல் கொடுத்தால் இதைவிடத் தரமான பழைய பிசினஸ் லேப்டாப் கிடைக்கிறது என்னும்போது எனக்கு மனசு வரவில்லை.

வாங்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் இரண்டாண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். உங்கள் படிப்பும் ஆண்டும் அதில் வருகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

டேப்லெட் மட்டும் போதுமா என்றும் கேட்டாள். கோடிட்டுப் படிக்க அருமை. முப்பது பக்க மெமோரியல் அடிக்க முடியாது.

நான் அவளுக்குச் சொன்னது ரீஃபர்பிஷ்டுதான். மீதி 15,000-க்கு மேல் வங்கியில் கிடக்கட்டும் என்றேன். பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம் பயிற்சிக்குப் போயாக வேண்டும். எந்த மாதிரி அலுவலகத்துக்குப் போகிறாள், கிரிமினலா, சிவிலா, கம்பெனி வேலையா என்பதைப் பொறுத்துத்தான் அவளுக்கு உண்மையில் என்ன லேப்டாப் வேண்டும் என்பது தெரியும். அப்புறம் படிப்பு முடிந்து வழக்கறிஞராக என்ரோல் ஆகும் வருஷம். கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு 125-க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஆனாலும் கோட், கவுன், புத்தகம் என்று செலவு வரும், வருமானம் அந்த அளவுக்கு வராது. புது லேப்டாப்பின் தேவை அப்போதுதான் நிஜமாக வரும். இன்றைக்கு வாங்கிய புதுசு அன்றைக்கு மூன்று வருஷப் பழசாகியிருக்கும்.

பழைய 2017 லேப்டாப்பை வீட்டிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதிலிருக்கும் ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, மலிவான எஸ்எஸ்டி ஒன்றும் லினக்ஸும் போட்டால் சித்தப்பாவுக்கு ரயில் டிக்கெட் போட ஆகும்.

சனிக்கிழமை இருவரும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம். புட்டசாமி தீர்ப்பையும், பழைய தண்டனைச் சட்டம், நியாய சன்ஹிதா இரண்டையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அவற்றை அருகருகே திறந்து கால் மணி நேரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவதாகத் திட்டம்.