அலுமினிய ஜன்னலுக்கு சோப்புத் தண்ணீரா, வினிகரா?

செலவு: இரண்டும் சில ரூபாய்தான்.

அழுக்கு: தூசி, சமையலறைப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே போதும். போர்வெல் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு மட்டும் அசையாது. அதற்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியால் ஒற்றி, இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

பாதுகாப்பு: பவுடர் கோட்டிங் (சூட்டில் உருக்கி ஒட்டிய பொடிப் பெயின்ட்), அனோடைஸ் (மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே உருவாக்கிய ஆக்சைடு படலம்) இரண்டுக்கும் சோப்பு ஒத்துவரும். வினிகர் ஊறினால் அனோடைஸ் பூச்சு மங்கும். சலவை சோடா வேண்டவே வேண்டாம், காரம் அலுமினியத்தை அரிக்கும். கம்பி நாரும் கூடாது.

அப்புறம் டிராக், அதாவது ஜன்னல் கதவு நகரும் தடம். எதை ஊற்றினாலும் முதலில் பழைய டூத் பிரஷால் மண்ணைத் தள்ளுங்கள். ஈரம் பட்டால் சேறாகி, மழைத் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டையை அடைத்துவிடும்.

வாராந்திரத் துடைப்புக்கு சோப்பு, உப்புக்கறை பிடித்த குளியலறை ஜன்னலுக்கு வினிகர்.