ரேடியோவுக்குள் போன கிடார்: பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்'

1989-ஆம் ஆண்டு. தூத்துக்குடியில் என் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குக் கப்பலில் வேலை பார்த்த ஒரு தம்பி வந்து, ஜப்பான் டேப் ரெக்கார்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பெல்ட் தளர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டு ஓடியது. புது பெல்ட் போட்டு, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உள்ளே கிடந்த கேசட்டையே ஓடவிட்டுச் சோதித்தேன். இரண்டாம் பக்கம். கிடார் முழங்கிக்கொண்டிருந்த பாட்டு, யாரோ உறிஞ்சி இழுத்ததுபோல் ஒரே நொடியில் சுருங்கித் தகர டப்பாவுக்குள் போய் அடைந்துகொண்டது. கீழ்ச்சுரம் இல்லை, மேல்ச்சுரம் இல்லை, வெறும் கரகரப்பு. ஹெட் நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி ஓட்டினால் அதே இடம், அதே சுருக்கம். மூன்று தடவை இப்படி.

சாயங்காலம் வந்தவரிடம், "மிஷின் சரியாகிவிட்டது, கேசட்தான் ஓரிடத்தில் கெட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

"கெட்டுப்போகவில்லை அண்ணே, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

பொறுத்தேன். யாரோ ரேடியோவின் முள்ளைத் திருப்புகிறார்கள். பேச்சுக் குரல்கள், ஒரு துண்டு மேற்கத்திய சாஸ்திரிய இசை, இடையிடையே இரைச்சல். பிறகு முள் ஒரு நிலையத்தில் நிற்கிறது. அங்கே ஒரு கிடார், மெலிந்து தூரத்தில் வாசிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் இருமுகிறார். அதற்குப் பின் இன்னொரு கிடார், இந்தமுறை ரேடியோவுக்கு வெளியே, என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருவர் வாசிப்பதுபோல் முழு நாதத்தோடு, அந்த ரேடியோ கிடாருக்குத் துணையாகச் சேர்கிறது. மீடியம் வேவில் இலங்கை வானொலியைக் கடல் இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான். வானொலியில் வரும் குரலோடு தனியறையில் சேர்ந்து பாடுவது எப்படிப்பட்ட தனிமை என்பதை எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேசட்டை அன்றே கேட்டு வாங்கி, பிரதி எடுத்துக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தேன்.

கடையை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் கேசட்டில் இருந்தது பிங்க் ஃபிளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. போன மாதம் இந்த ஆல்பத்தின் 180 கிராம் இசைத்தட்டை வாங்கினேன், மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஓய்வூதியம் இல்லாதவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, முப்பது வருடத்துக்கு மேல் இதைக் கேட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1975 செப்டம்பரில் வெளிவந்த ஆல்பம் இது. மொத்தம் ஐந்தே பாட்டுகள், நாற்பத்து நான்கு நிமிடம். அவற்றில் இரண்டு உண்மையில் ஒரே பாட்டு. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்ற ஒன்பது பகுதிகள் கொண்ட நீண்ட இசையை நடுவில் வெட்டி, முதல் ஐந்து பகுதிகளைத் தொடக்கத்திலும் மீதி நான்கைக் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்னவர் குழுவின் பேஸ் கிடார்காரரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸ். கிடார்காரர் டேவிட் கில்மருக்கு அதில் சம்மதமில்லை. மேடையில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு பாட்டுகளைச் சேர்த்து ஆல்பத்தை முடிக்கலாம் என்பது அவர் எண்ணம். வாட்டர்ஸ் சொன்னதே சரி என்பேன். நடுவில் இருக்கும் மூன்று பாட்டுகளும் ஒருவரைத் தேடிப் போய்விட்டு வருவதுபோல் ஆகிவிட்டன. கழித்துவைத்த அந்த இரண்டும் பெயரும் வரிகளும் மாறி 1977-இல் அடுத்த ஆல்பத்தில் இடம்பிடித்தன.

தேடப்படுகிறவர் சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், தொடக்க காலத்தில் அதன் பாடகர், கிடார்காரர், 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். எல்.எஸ்.டி. போதையும் மனக் குலைவும் சேர்ந்து, மேடையில் வாசிக்க முடியாத நிலைக்குப் போனார். 1968 ஜனவரியில் ஒருநாள், சவுதாம்ப்டனில் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், அவரை ஏற்றிக்கொள்வதா என்ற பேச்சு வண்டிக்குள் எழுந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. வண்டி அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவ்வளவுதான். அவர் இடத்துக்கு வந்த கில்மர், கேம்பிரிட்ஜில் சிட்டின் பால்ய நண்பர். ஏழு வருடம் கழித்து அந்த ஏற்றிக்கொள்ளாத நண்பருக்காக உண்டான இசை இது.

அது பிறந்த விதமும் கேட்கத் தக்கது. 1973-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அவர்களை உலகப் பணக்காரர்களாக்கிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், இசைக்கருவியே இல்லாமல் வீட்டுப் பொருள்களை வைத்து ஒரு ஆல்பம் செய்யக் கிளம்பினார்கள். ரப்பர் பட்டைகள், பாட்டில்கள், தண்ணீர் ஊற்றிய ஒயின் கோப்பைகள். வாரக்கணக்கில் உழைத்துவிட்டுக் கைவிட்டார்கள். அந்த உழைப்பில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஈர விரலால் கோப்பையின் விளிம்பைத் தேய்த்து எழுப்பிய ஓசை. 'ஷைன் ஆன்' தொடங்கும்போது, ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசருக்கு அடியில் மூடுபனிபோல் பரவியிருப்பது அதுதான்.

அதன்மேல் ரைட்டும் கில்மரும் மாறி மாறி வாசித்து, கிட்டத்தட்ட நான்கு நிமிடம் கழிந்த பிறகு அந்த நான்கு சுரங்கள் வருகின்றன. லண்டனில் கிங்ஸ் கிராஸ் பகுதியில் இருந்த ஒத்திகை அறையில், 1974-இல், கில்மர் கைபோன போக்கில் வாசித்த நான்கு சுரங்கள். அதைக் கேட்டுத்தான் வாட்டர்ஸுக்குச் சிட்டின் நினைவு எழுந்து வரிகள் வந்தன. கடையில் பழுதுக்கு வந்த ஹார்மோனியத்தில் அவற்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன். 'ஜி'யை ஸட்ஜமாக வைத்தால் அவை க, மேலே நி, கீழே இறங்கி ஸ, மறுபடி மேலே த. முதல் மூன்றும் சோகமாகப் போகின்றன, நான்காவதாக வரும் சதுஸ்ருதி தைவதம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. பதில் வராத கேள்வி மாதிரி. கில்மர் அதை உடனே முடித்துவைப்பதில்லை. நான்கு சுரத்தையும் அப்படியே ஒலிக்கவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி வாசிக்கிறார். நான்கைந்து தடவைக்குப் பிறகுதான் நிக் மேசனின் டிரம் உள்ளே இறங்குகிறது. அந்தக் காத்திருப்பை வேறு எந்த ராக் இசைத்தட்டிலும் நான் கேட்டதில்லை.

1975 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை தொடங்கியது. சுகமாக நடந்த வேலை இல்லை. நால்வருமே களைத்துப்போயிருந்தார்கள், மனம் ஒட்டாமல் வந்துபோனார்கள். ஒலிப்பதிவாளர் பிரையன் ஹம்ஃப்ரீஸுக்கு அந்தக் கூடத்தின் கருவிகள் புதிது. மணிக்கணக்காக உழைத்துப் பதிவுசெய்த 'ஷைன் ஆன்' அடித்தளத்தின்மேல் தவறுதலாக எதிரொலி ஏறிவிட்டது. எடுக்க வழியில்லாமல் முழுவதையும் திரும்ப வாசித்தார்கள். நாடாவில் ஒன்று ஏறிவிட்டால் ஏறியதுதான். அந்தக் கூடத்தில் அன்று நின்றவர்களின் வயிற்றுக் கலக்கத்தை என்னால் உணர முடிகிறது.

ஜூன் 5-ஆம் தேதி, 'ஷைன் ஆன்' பாட்டின் ஒலிக் கலவை (மிக்ஸிங்) வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கூடத்துக்குள் வந்து நின்றார். ஊழியர் யாரோ என்று நினைத்தார்கள். சிட் பாரெட் என்று ஒருவர் சொல்லித்தான் மற்றவருக்குத் தெரிந்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்கிறார்கள். அவரைப் பற்றிய பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அங்கேயே நிற்கிறார், அப்போதும் அவர் அங்கே இல்லை. இதைப் படித்து அறிந்த நாளிலிருந்து, டிக் பாரியின் சாக்ஸபோன் நுழையும் இடத்தில் எனக்கு அந்த மழித்த தலைதான் கண்ணில் வருகிறது.

நடுப்பகுதியில் 'வெல்கம் டு தி மெஷின்', 'ஹாவ் எ சிகார்' இரண்டும் இசைக் கம்பெனிகளின்மேல் உள்ள கோபம். முதலாவது நன்றாக வந்திருக்கிறது. சிந்தசைசரின் துடிப்பை டிரம்முக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள், கேட்பவனின் நாடியே அதற்கேற்ப மாறிவிடும். கில்மருக்கு அதில் ஒரு வரி எட்டவில்லை. டேப்பின் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்துப் பாடி, பிறகு பழைய வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். பெல்ட் தளர்ந்த மிஷின்களோடு மாரடித்த எனக்கு அந்த உத்தி மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது பாட்டு என் கணக்கில் ஒருபடி கீழே. சுருட்டை நீட்டிப் புகழ்ந்து தள்ளும் கம்பெனி அதிகாரி, உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறார்; குழுவில் அப்படி ஒருவரே இல்லை. அந்த ஒரு கேள்வி கூர்மையானது. மற்ற வரிகளில் கசப்பு அதிகம், பாட்டு குறைவு. அதைப் பாடியவரும் குழுவில் இல்லாதவர். வாட்டர்ஸின் தொண்டை தளர்ந்திருந்தது, கில்மர் அந்த வரிகளைப் பாட மறுத்தார், அதே கட்டடத்தில் தன் ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் வந்து பாடிக் கொடுத்தார். வாட்டர்ஸ் பின்னாளில் அதற்கு வருந்தினார். எனக்கு வருத்தமில்லை. ஹார்ப்பரின் குரலில் இருக்கும் வழுக்கல் அந்த அதிகாரிக்குப் பொருந்துகிறது.

அடுத்தது தலைப்புப் பாட்டு, நான் பழுது என்று நினைத்த இடம். அந்த ரேடியோ ஓசை கில்மரின் கார் ரேடியோவிலிருந்து பதிவுசெய்தது. இடையில் வரும் சாஸ்திரிய இசைத் துண்டு சைகோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி. இந்தப் பாட்டில் மறைந்துபோன இன்னொருவரும் உண்டு. கிராப்பெல்லி என்ற பெரும் ஜாஸ் வயலின் கலைஞர் அன்றைக்கு இன்னொரு வயலின் மேதையான யெஹுதி மெனுஹினோடு அதே கட்டடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்து முடிவுப் பகுதியில் வாசிக்கச் செய்து, 300 பவுண்டு கொடுத்தார்கள். கலவையில் வயலின் காற்றின் இரைச்சலுக்கடியில் கிட்டத்தட்ட கேட்காத அளவுக்குப் போய்விட்டது. உறையில் அவர் பெயரும் போடப்படவில்லை. 2011-இல் வந்த விரிவுபடுத்திய பதிப்பில்தான் அந்த வயலின் முழுமையாக வெளியே வந்தது. அழகான வாசிப்பு. என்றாலும் பாட்டுக்கு அது அதிகம் என்றே தோன்றுகிறது. தனியாக இருப்பவனைப் பற்றிய பாட்டில் இத்தனை இனிமையான துணை ஒட்டவில்லை. கேட்டுவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள். அதற்காக மட்டும் அந்தப் பதிப்பைத் தேடி வாங்கலாம்.

உறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு கோட்டு சூட்டுக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் எரிகிறார். ஸ்டார்ம் தார்கர்சனின் ஹிப்னாசிஸ் நிறுவனம் செய்த வேலை. எரிபவர் ரானி ராண்டல் என்ற ஸ்டண்ட் கலைஞர், கலிபோர்னியாவில் வார்னர் பிரதர்ஸ் படப்பிடிப்பு வளாகத்தில் உண்மையாகவே தீ வைத்துக்கொண்டு நின்றார். காற்று திசைமாறி மீசை கருகியது. உள்ளே இன்னொரு படத்தில் ஒருவர் ஏரியில் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறார், தண்ணீர் தெறிக்கவே இல்லை. இத்தனை பாடுபட்டு எடுத்த படங்களை 1975-இல் கறுப்பு பிளாஸ்டிக்கால் சுற்றி மறைத்து விற்றார்கள். கேசட்டின் தீப்பெட்டி அளவுப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓரடிச் சதுரத்தில் அந்தத் தீயைப் பார்ப்பது வேறு அனுபவம்.

குறைகளும் உண்டு. தொடக்கம் மிகவும் மெல்லிய ஓசை என்பதால் தட்டில் தூசியின் பொரிச்சல் தெரிகிறது. ஊசியையும் தட்டையும் துடைத்துவிட்டே போடுங்கள். இரண்டாம் பாதி 'ஷைன் ஆன்' எட்டாம் பகுதியில் தாளத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் சுற்றுகிறது. கைபேசி ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள். முழுதும் கரகரப்பு ரேடியோவாகவே கேட்டால், கிடார் ரேடியோவை விட்டு வெளியே வரும் இடம் தெரியாமலே போய்விடும்.

ஒன்பதாம் பகுதி ரைட் தனியாக இயற்றியது. நால்வரில் அதிகம் பேசப்படாதவர், 2008-இல் இறந்துபோனார். தங்கள் ஆல்பங்களில் இதுவே தனக்குப் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார். சவ ஊர்வலத்தின் நடையில் போகும் அந்த இசை மங்கி அடங்கும்போது, கடைசிச் சில நொடிகளில் சிந்தசைசரில் வேறொரு மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். 1967-இல் சிட் எழுதிப் பாடிய 'சீ எமிலி ப்ளே'. என் கேசட் பிரதியில் அந்த இடம் வெறும் நாடா இரைச்சல்; ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் புதுத் தட்டு முடியப்போகும் நேரத்தில் எழுந்துபோய் ஒலியை முழுவதும் கூட்டிவைத்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். மிகத் தூரத்தில், ஆனால் தெளிவாக, இருந்தது.