கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ்: கேட் வரைபடம் உள்ளே வரும்போது தீராத அளவுச் சிக்கல்

கேட் (கணினியில் வரையும் பொறியியல் வரைபடம்) கோப்பில் உள்ள குழாய்ப்பாதையை ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் அமைப்புக்குக் கொண்டுவர, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவுத் தளமும் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிறுவுவது, லேயர் சேர்ப்பது பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். எவ்வளவு பழகினாலும் விடாத எரிச்சல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

பொறியாளர் வரைவது தரையில் அளந்தால் வரும் நீளம். உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கிக் காட்டும் யூடிஎம் ஆயக் கட்டத்தில் அதே நீளம் மாறிவிடும். மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையில் அளவுக் காரணி 0.9996, அதாவது கிலோமீட்டருக்கு 40 செ.மீ. குறைவு. இடம் 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால் மேலும் 16 செ.மீ. போகும். 10 கி.மீ. குழாயின் ஒரு முனையைச் சரியாகப் பொருத்தினால் மறுமுனை ஐந்தரை மீட்டர் தள்ளி நிற்கும். அங்கே தோண்டினால் குழாய் கிடைக்காது.

மென்பொருள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சிஆர்எஸ் (எந்த ஆயமுறை என்பது) கேட்கிறது, படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அடியில் செயற்கைக்கோள் படம் போட்டால் பொருந்தியது போலவே தெரியும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பலர் விலகிய முனையை இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். பிழை போகாது, நடுவில் எங்கோ ஒளிந்துகொள்ளும்.

சரியான வழி: முதலில் டிஎக்ஸ்எஃப் கோப்பில் (கேட் வரைபடத்தைப் பரிமாறும் வடிவம்) அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பைப் பாருங்கள். 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். 0 என்றால் அலகு குறிக்கப்படவில்லை, வரைந்தவரிடமே கேளுங்கள். பிறகு கியூஜிஐஎஸ்ஸின் அஃபைன் டிரான்ஸ்ஃபார்ம் கருவியில், தரை நீளத்தைக் கட்ட நீளமாக்கும் ஒரே காரணியை எக்ஸ், ஒய் இரண்டுக்கும் கொடுங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். கருவி முதலில் அளவை மாற்றி, பிறகு சுழற்றி, கடைசியில்தான் நகர்த்தும். அளவு மாறுவது ஆதிப்புள்ளியை வைத்து என்பதால், வடக்கு ஆயம் 12 லட்சம் மீட்டர் உள்ள வரைபடம் 0.9996ஆல் பெருக்கியதுமே 480 மீட்டர் நகர்ந்துவிடும். நகர்வை அதற்குப் பிறகு கணக்கிட வேண்டும். கணக்கில் சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை (துல்லியமாக அளந்து வைத்த இடம்) வைத்துச் சரிபாருங்கள்.

வால்வ் பிளாக்குகளின் (கேட் வரைபடத்தில் வால்வைக் காட்டும் குறியீடுகள்) விவரங்கள் வேண்டுமென்றால், கோப்புகளைப் படிக்கும் ஜிடால் நூலகம் வழியாக இறக்கும்போது இன்லைன் பிளாக்ஸ் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் பிளாக் வெறும் கோடுகளாகச் சிதறிவிடும்.

மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது, கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் சேமிக்கக்கூடிய எம் மதிப்பு என்ற அளவு. அளவை மாற்றியபின் கோட்டின் நீளமும் செயினேஜும் (குழாயின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) ஒத்துப்போகாது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் எஸ்டி_ஆட்மெஷர் கட்டளை மூலம் வடிவமைப்புச் செயினேஜைக் கோட்டிலேயே எழுதிவிட்டால், எஸ்டி_லொகேட்அலாங் 4350 என்று கேட்டதும் அந்த இடத்தைக் காட்டும். பழைய பழுது ஏட்டில் செயினேஜ் மட்டும் குறித்திருந்தாலும் வரைபடத்தில் ஏற்றிவிடலாம். பராமரிப்புக் குழுவுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தெரியாது.

இவ்வளவு இருந்தும், சர்வேயர் இல்லாத குழுவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கோப்பைத் திறக்கும்போதே தரை நீளமா, கட்ட நீளமா என்று கேட்கும் ஒரு பெட்டி வரட்டும், அப்போது பார்க்கலாம்.