சஹ்ரெபெல்னியை எந்த நாவலில் தொடங்குவது?

உக்ரைனிய வரலாற்று நாவலாசிரியர் பாவ்லோ சஹ்ரெபெல்னியை (1924–2009) முதன்முறையாக வாசிக்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரு நாவல்கள் வைக்கப்படுகின்றன: 1968இல் வெளிவந்த ‘தீவோ’, 1980இல் வெளிவந்த ‘ரொக்சொலானா’.

முன்னது, பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட யாரோஸ்லாவ் மன்னர் காலத்தில் கீவ் நகரின் புனித சோஃபியா தேவாலயம் எழும்பிய கதையை, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தோடும் 1960களோடும் மாறி மாறிப் பின்னிச் செல்கிறது. அத்தேவாலயத்தை எழுப்பிய, வரலாறு பெயரைக் குறித்துவைக்காத கலைஞனுக்குச் சிவோக் என்று பெயரிட்டு, களிமண்ணில் பழைய தெய்வங்களை வனைந்து வண்ணம் தீட்டும் கிழவரிடம் அவனை வளரவிட்டதில்தான் ஆசிரியரின் துணிச்சல் தெரிகிறது. மன்னரைவிட அவனே மனத்தில் நிற்கிறான்.

பின்னது நேர்க்கோட்டில் நகர்வது. ரொஹாத்தின் என்னும் ஊரிலிருந்து தாத்தாரியரால் கடத்தப்பட்டு, ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மனைவியான பெண்ணின் கதை அது. அந்தப்புரச் சூழ்ச்சிகளைவிட, சிறைப்பட்ட மனம் தன்னை இழக்காதிருக்கப் படும் பாடே அதன் மையம். போரில் பிடிபட்டு நாஜி முகாம்களில் 1945 வரை அடைபட்டிருந்தவர் எழுதியது என்பதை நினைவில் வைத்தால், அப்பக்கங்களின் கனம் கூடும்.

விறுவிறுப்பு வேண்டுவோருக்கு ‘ரொக்சொலானா’ போதும். காலத் தாவல்கள் தொடக்கத்தில் சற்றே அலுப்பூட்டினாலும், என் தேர்வு ‘தீவோ’தான்.