மோபா ஆட்டத்தைப் பலகைக்குக் கொண்டுவர: தாயக்கட்டையா, சீட்டா?

மோபா என்பது இரண்டு அணிகள் மோதி, எதிரணி முகாமைத் தகர்க்கும் கணினி ஆட்டம். டோட்டா 2 போல ஐவருக்கு ஐவர், மூன்று பாதை ஆட்டத்தைப் பலகையில் வரைந்துவிடலாம். மதுரைப் பிள்ளைகள் பலரும் தடுமாறுவது, சண்டையை எதை வைத்துத் தீர்ப்பது என்பதில்தான்.

செலவு: தாயக்கட்டை பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும்.
சீட்டு, பத்து வீரருக்கும் ஆளுக்கு 6 வீதம் 60. 63 × 88 மி.மீ. அளவில் 12 × 18 அங்குல 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் மூன்றில் அடங்கும். பின்பக்கம் பார்டர் வேண்டவே வேண்டாம். அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எந்தச் சீட்டு என்று எதிரணி கண்டுகொள்ளும்.

நியாயம்: இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் 12 என்ற தாய வழக்கத்தை விட்டு, 0 என்றே எண்ணுங்கள். இருவரும் உருட்டும்போது பலசாலிக்கு +2 கொடுத்தால் 256 வாய்ப்பில் 190 அவனுக்கே; பின்தங்கிய அணி எழவே முடியாது. +1 கொடுத்தால் 150. அதுவே போதும்.
ஆடிய சீட்டோ, வீரன் முகாமுக்குத் திரும்பும்வரை கைக்கு வராது. கணினியின் கூல்டவுன், அதாவது ஒரு திறனை மறுபடி பயன்படுத்தும்வரை காத்திருப்பது, அப்படியே அமைந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே சீட்டு உசத்தி.

வேகம்: கட்டை பத்துக் கை சுற்றுவதற்குள் ஆட்டம் ஆறிப்போகும்.
சீட்டைக் கவிழ்த்து வைத்து எல்லோரும் ஒன்றாகத் திருப்பலாம்.

நான்கு பேர், மொட்டைமாடி, ஆடிக்காற்று என்றால் கட்டை. விடுதி அறையில் பத்துப் பேர் என்றால் சீட்டுதான்.