புதுச்சேரியருகே மூன்று நாள் மௌனத் தியானம்: ஒரு மதிப்பீடு

கடலூர் சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையில் 19 ஆண்டுகள் உழைத்து, சென்ற ஆண்டு உற்பத்திப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது, அந்த உத்தரவுக் கடிதத்தை வீட்டில் யாரிடமும் காட்டாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். மகிழ்ச்சி வந்ததும் காட்டலாம் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. இத்தனைக்கும் இதே பதவி உயர்வுக்காக மூன்று ஆண்டுகள் வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக் குளத்தருகே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டவன் நான். இதைக் கேட்ட எங்கள் பங்குத்தந்தை, புதுச்சேரியை அடுத்த ஒரு தியான இல்லத்துக்குப் போய்வரச் சொன்னார். நடத்துபவர்கள் விளம்பரத்தை விரும்பாததால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் காலையில் முடிந்த தியானத்துக்கு, தங்குமிடமும் உணவும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒன்று, அவ்வளவுதான். கைப்பேசியை வாசலிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். ஞாயிறு மதியம் பரிமாறிய மீன் குழம்பைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பாராட்டிப் பேச முடியாமல் போனதுதான் மௌனத்தில் எனக்கு மிகக் கடினமாக இருந்த நேரம்.

தியானம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைத் தழுவியது. முழுப் பயிற்சி 30 நாள். இது அதன் சுருக்கம். 1521-இல் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார் என்றும், வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வாழ்க்கையும் மட்டுமே என்றும் தியானத்தை நடத்திய அருள்தந்தை விளக்கினார். அரசவைப் புகழைக் கற்பனை செய்தபோது அந்த நேரத்துக்கு இனித்துப் பின்னர் மனம் வறண்டதையும், புனிதர்களைப் போல வாழ நினைத்தபோது அந்த இனிமை நெடுநேரம் தங்கியதையும் அவர் படுக்கையிலேயே கவனித்தாராம். என் பையில் கிடந்த கடிதத்துக்கு விளக்கம் 500 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததைப் போல உணர்ந்தேன்.

மறுநாள் எடுத்துக்கொண்ட பகுதி பயிற்சிகளின் அடித்தளக் கோட்பாடு. செல்வமோ வறுமையோ, மதிப்போ அவமதிப்போ, எதையும் முன்கூட்டியே பற்றிக்கொள்ளாமல், இறைவனிடம் சேர்க்கும் அளவுக்கு ஏற்றுக்கொள்வதும் தடுக்கும் அளவுக்கு விலக்குவதும்தான் அதன் சாரம். உரை 20 நிமிடம், அதன்பின் ஒரு மணி நேரம் மௌனம். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லாமல், கேள்வியோடு நம்மைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதவியை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது மேலதிகாரியிடம் கேட்க வேண்டியதை என்பது உறைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்று மாலை குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். எனக்கு அந்த மூன்று நாள்களின் பொருள் அங்கேதான் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிறு இரவு சாட்சி சொல்ல வந்த ஒருவர், செபத்தால் தமக்கு வீடு வாய்த்ததையும் மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்ததையும் முக்கால் மணி நேரம் விவரித்தார். அவருடைய நன்றியுணர்வை நான் ஐயப்படவில்லை. எனினும் இரண்டு நாள் பொறுமையாகக் கட்டியதை அந்தப் பேச்சு ஒரே மூச்சில் இடித்துவிட்டது. இப்படியொரு நிகழ்ச்சி மௌனத் தியானத்தில் இடம்பெறவே கூடாது என்று விடைபெறும்போது பொறுப்பாளரிடம் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

சடங்காக ஒரு தியானம் முடித்துச் செல்ல விரும்புவோர்க்கு இது சலிப்பூட்டும். கேட்டது கிடைத்தும் மனம் நிறையாதவர்கள் தயங்காமல் போகலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், ஜன்னல்களுக்கு வலை இல்லாததால் கொசுவத்தியும் எடுத்துச் செல்லுங்கள்.