ஆர்எக்ஸ் 100 வண்டியும் இ20 பெட்ரோலும்: கார்புரேட்டர் ஜெட் சரிசெய்த அனுபவம்

1985ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சாலைக்கு வந்து, 1996இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை இன்றும் அன்றாட வேலைக்கு ஓட்டுபவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் முற்பகுதியில் வந்த வண்டி. 98 சிசி ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் மிக்குனி கார்புரேட்டர், ரீட் வால்வு, தனித் தொட்டியிலிருந்து 2டி ஆயிலை எடுத்து ஊட்டும் பம்ப் ஆகியவற்றோடு கதை முடிந்துவிடும். இவ்வளவு எளிய இன்ஜின் என்பதாலேயே, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் சற்றுப் பிசகினாலும் ஓட்டத்தில் உடனே தெரிந்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு அந்த விகிதத்தை எப்படிச் சோதித்து, எப்படிச் சரிசெய்து, நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் மிகுந்துவிட்டால் வண்டி புகை கக்கும், திணறும், பிளக் கறுத்துப்போகும், மைலேஜ் விழும். ஆனால் இன்ஜின் உயிரோடு இருக்கும். பெட்ரோல் குறைந்துவிட்டால் நிலைமை வேறு. உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனையும் குளிர்விப்பதால், அது குறையும்போது பிஸ்டனின் தலை சூடேறி, விரிந்து, சிலிண்டர் சுவரில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய நொடி வரைகூட வண்டி வழக்கத்தைவிட உற்சாகமாகப் பறப்பதுபோலத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆகவே ஐயம் வந்தால் பெட்ரோல் சற்றுக் கூடுதலான பக்கம் நிற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இ20 எனப்படும், இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வரத் தொடங்கி, 2025க்குள் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதுவே கிடைக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அது எரிய வெளிக்காற்று குறைவாகவே போதும். ஒரு கிலோ வெறும் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20 கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. புதிய வண்டிகளில் சென்சாரும் கணினியும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்கின்றன. ஆர்எக்ஸ் 100இன் ஜெட் என்பது பித்தளையில் போட்ட ஒரு துளை, அதற்கு எந்தப் பெட்ரோல் வருகிறது என்று தெரியாது. எத்தனால் கலவாத காலத்துப் பெட்ரோலுக்கு அளந்து போட்ட அதே துளை வழியாக இ20 பாயும்போது, கலவை எட்டு விழுக்காட்டுக்கு மேல் பெட்ரோல் குறைந்த பக்கம் சாய்கிறது.

என் வண்டியில் அது இரண்டு விதமாக வெளிப்பட்டது. அவினாசி சாலையில் பாதி ஆக்சிலேட்டரில் சீராகப் போகும்போது இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கத் தொடங்கியது. சிக்னலில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் சில நொடி இரைந்துகொண்டே இருந்தது. பெரிய மெயின் ஜெட் வாங்கிக்கொண்டு போய் நின்றபோது, இருபது ஆண்டுக்கு மேல் இந்த வண்டிகளையே பார்த்துவரும் மெக்கானிக், "ஜெட்டைத் தொடறதுக்கு முன்னாடி காத்து எங்கிருந்து வருதுன்னு பாத்துருவோம் தம்பி" என்றார். இந்த ஒரு சொல்லைத்தான் நான் இப்போது எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காவிட்டால், கார்புரேட்டருக்குப் பின்னால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். அந்தக் காற்று எந்த ஜெட்டின் கணக்கிலும் வராது என்பதால், அதை ஜெட் மாற்றி ஈடுகட்ட முயன்றால் ஓர் இடத்தில் சரியாகி இன்னோர் இடத்தில் கெடும்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் ஜாயின்ட்டைச் சுற்றிலும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளித்துப் பார்த்தோம். கீழ்ப்பக்கம் தெளித்ததும் இன்ஜின் ஒலி சட்டென மாறியது. சூடான சைலென்சரின் அருகே தெளித்தால் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது என்பதால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனேயே இதைச் செய்துவிட வேண்டும். ரப்பரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் வழுவழுவென்று நன்றாகவே இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் வெளிப்புறமாக வளைத்தபோதுதான், கிளாம்ப் அழுத்திய தடத்தை ஒட்டி முடியளவு விரிசல் வாயைத் திறந்தது. புதிய ரப்பர் போட்டதும் வேகம் இறங்காத குறை முழுதாக நீங்கியது. பாதி ஆக்சிலேட்டர் இழுவை அப்படியே இருந்தது. ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு குறைகள் இப்படித்தான் தனித்தனியாகப் பிரிந்தன.

கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றையும் ஆயிலையும் தடுக்கும் ஆயில் சீல்களையும் விட்டுவைக்கவில்லை. கார்புரேட்டர் வாயையும் சைலென்சர் வாயையும் அடைத்து, ஆறு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றேற்றி, சில நிமிடம் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. மேக்னட் பக்கச் சீல் தேய்ந்திருந்தால் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினைச் சூடாக்கும். கிளட்ச் பக்கச் சீல் தேய்ந்திருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாக விடும். புகையைப் பார்த்துப் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று ஜெட்டைச் சிறிதாக்குபவர்கள் உண்டு, அது பிஸ்டனுக்கு உலை வைக்கும் வேலை. ஏர் ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத்துளை, பெட்ரோல் டேப்பின் வலை ஆகியவற்றை அடைப்பின்றிச் சுத்தம் செய்த பிறகே கார்புரேட்டரைத் திறந்தோம்.

ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறிய ஜெட்டான பைலட் ஜெட்டை வெளிச்சத்தின் எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். என்னுடையதில் ஒரு பக்கம் பழுப்புப் படிவம் பிடித்துப் பிறைபோலத் தெரிந்தது. கிளட்ச் கேபிள் நரம்பை உருவி அதில் குத்துவது பட்டறைகளில் வழக்கம். பித்தளை மென்மையானது என்பதால் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு ஜெட்டில் பொறித்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாலே போதும்.

எந்த ஆக்சிலேட்டர் அளவில் எந்தப் பாகம் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும், அதனோடு சேரும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை, அந்த ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டினால், குறை எந்தக் கோட்டில் வருகிறது என்பதை ஊகமின்றிச் சொல்லிவிடலாம். என் வண்டியில் அரைக் கோட்டைச் சுற்றியே வந்தது. அந்த இடத்திலேயே பிடியை நிறுத்தி, சோக்கைச் சிறிது இழுத்தபோது இழுவை நின்று வண்டி சீரானது. சோக் பெட்ரோலைக் கூட்டும் என்பதால், அங்கே பெட்ரோல் போதவில்லை என்பது உறுதியானது. சோக் இழுத்ததும் திணறல் கூடியிருந்தால் முடிவு நேரெதிராக இருந்திருக்கும்.

இருந்தாலும் மெயின் ஜெட்டிலிருந்தே தொடங்கினோம்; அரைப்பிடிக்கு மேலே அதன் செல்வாக்கு ஊசியின் பகுதிக்குள்ளும் படர்வதால், அதை முதலில் நிலைநிறுத்துவதே முறை. புதிய பிளக் போட்டு, இன்ஜின் நன்கு சூடேறியதும், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் சற்றுத் தூரம் ஓட்டி, சாவியை அணைத்து, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிட்டு நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக்கின் நுனி காப்பி நிறத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல். எத்தனால் சேர்ந்த பிறகு நுனி இன்னும் வெளிறியே இருக்கிறது. அந்த வெளிறலைப் பார்த்து அஞ்சி, ஜெட்டை மேலும் மேலும் பெரிதாக்க வேண்டியதில்லை. பீங்கானின் அடிவாரத்தில், உள்ளே ஆழத்தில், மெல்லிய கரிவளையம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. என் பிளக்கில் வளையமே இல்லை. மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்தியதும் வளையம் தோன்றியது, அத்தோடு நிறுத்திவிட்டோம்.

பிறகு ஊசி. அதன் தலையில் உள்ள வரிப்பள்ளங்களில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே எழும்பி, அதைச் சுற்றிய இடைவெளி கூடி, பெட்ரோல் கூடும். இந்த ஒற்றை மாற்றத்தில் அரைப்பிடி இழுவை அடியோடு போய்விட்டது. ஊருக்குள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி கை ஊசியின் எல்லைக்குள்தான் இருக்கிறது; அப்படியிருக்க எல்லாரும் மெயின் ஜெட்டையே மாற்றிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கடைசியாக ஏர் ஸ்க்ரூ: முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, ஐடில் அதிகபட்சம் ஏறும் இடத்தைத் தேட வேண்டும். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்துவிட்டால் பைலட் ஜெட் போதவில்லை; இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பைலட் ஜெட் மிகை.

ஜெட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே எண் பொறித்த இரண்டு மலிவு ஜெட்களை வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிகின்றன. நல்ல ஜெட் விலை கூடுதல்தான், ஆனால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் போட்டு) புது பிஸ்டன் மாற்றும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆயில் பம்ப்பை நீக்கிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலப்பவர்களுக்கும் ஒரு சொல்: லிட்டருக்கு 40 மில்லி கலந்தால், ஜெட் வழியே போவதில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு ஆயில், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. இ20இன் குறைவோடு இதுவும் சேரும்போது ஜெட் மாற்றாமல் ஓட்டுவது பெரிய துணிச்சல்.

இந்த அமைப்பில் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்தாகிவிட்டது. காலையில் முதல் உதையிலேயே கிளம்புகிறது, மைலேஜ் நாற்பதை ஒட்டியே நிற்கிறது, மே மாத வெயிலில் நெடுந்தூரம் ஓட்டியும் சூட்டில் சக்தி குறையவில்லை. சைலென்சரின் உள்குழாயில் கரி முன்பைவிட விரைவாகப் படிவது மட்டும் குறை.

ஊட்டிப் பயணத்தில் இந்தக் கலவைக் கணக்கு இன்னொரு விதமாக மாறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறையும்; ஊட்டி 2,240 மீட்டர். காற்று குறைவதால் அங்கே கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியாறு வரை துள்ளலாகப் போகும் வண்டி, குன்னூரைத் தாண்டியதும் கனத்து, மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் இரண்டைக் கேட்கிறது. அங்கேயே குடியிருப்பவர்கள் சிறிய ஜெட் போட்டுக்கொள்வது சரியே. போய்வருபவர்கள் அதைச் செய்யக் கூடாது. மலைக்குப் பொருந்திய ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கி, மேட்டுப்பாளையம் சாலையில் ஆக்சிலேட்டரைத் திருகினால் பிஸ்டன் பிடிக்கும். இறக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும்: ஆயில் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்தே திறப்பதால், பிடியை மூடி கியரிலேயே நெடுநேரம் உருளவிட்டால் வேகமாகச் சுழலும் இன்ஜினுக்கு ஆயில் மிகக் குறைவாகவே கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கிவிடுவது என் வழக்கம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை அடைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டே நிறுத்துகிறேன். ரப்பர் ஜாயின்ட்டையும் ஆண்டுக்கொரு முறை கழற்றி, வெளிப்புறமாக வளைத்துப் பார்த்துவிடுகிறேன்.